எட்டுக்குப் பதில் ஏழு

உயிரோடு, திடகாத்திரமாக, அடுத்த வாசலில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியவன் நான்தான்.

கட்சிக்காரர்கள் செய்யவில்லை. கம்ப்யூட்டர் செய்யவில்லை. நான்! என் சொந்தக் கைபேசியில், என் சொந்தக் கட்டைவிரலால், பக்கத்தில் ஒரு டம்ளர் காபியை ஆறவிட்டுக்கொண்டே செய்தேன். 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்திய பிறகு, யாருக்கோ ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்த மாதிரி ஒரு பெருமிதம்கூட வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது...

என்னை நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன். ஓட்டுப்போடாமல் வீட்டில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கிண்டல் செய்து நிறையவே எழுதியிருக்கிறேன். ஜனநாயகத்தைப் பற்றித் தடித்தடியான புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் பாதியைப் படித்தும் இருக்கிறேன். ஆனால் பாருங்கள், அந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒன்றில்கூட, இடம் மாறினால் எந்தப் படிவம் என்று போட்டிருக்கவில்லை.

அந்தப் பெண்மணி மும்தாஜ் அக்கா. திருவண்ணாமலையில் பே கோபுரத்துக்குப் பின்புறம் எங்கள் தெரு. போன வருஷம்தான் பக்கத்து வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து ஜாக்கெட் தைக்கும் கடை போட்டார். பின்னறையில் குடியிருப்பு. அதற்கு முன் முப்பது வருஷம் கீழ்பென்னாத்தூரில், புகுந்த வீட்டில் வாழ்ந்தவர். கணவர் இறந்தபின், 'இனிமே என் சோத்த நானே ஆக்கிக்கறேன்' என்று கிளம்பி வந்துவிட்டார்.

தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நாளில் அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சார், என் ஓட்டு இன்னும் கீழ்பென்னாத்தூர்லியே கீது. இங்க மாத்தணும். நீங்க எழுதுறவரு, உங்களுக்குத் தெரியும்."

எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இந்த நாட்டில் இன்னும் ஒருவர் நம்புகிறாரே! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாத்தி என்னாக்கா பண்ணப்போறீங்க? அன்னிக்கு பஸ்ஸு ஏறினா முக்கா மணி நேரம்," என்றாள் என் மனைவி சாந்தி.

அப்போதுதான் அக்கா சொன்னார். முப்பது வருஷமும் ஓட்டுநாளில் அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு போவாராம் மச்சாண்டார், அதாவது கணவரின் அண்ணன். வேன் கிளம்புவதற்குமுன் எந்தச் சின்னம் என்று சொல்லிவிடுவாராம். திரும்பி வந்ததும் ஒவ்வொருத்தியாக நிறுத்தி, 'எத்தினியாவது பட்டன்?' என்று கேட்பாராம். முப்பது வருஷத்தில் ஒரு தரம்கூடத் தான் நினைத்ததை அக்கா அழுத்தியதில்லை.

"இந்த வாட்டி நானே முடிவு பண்ணிட்டேன் சாந்தி."

"யாருக்குக்கா?"

"அத உங்கிட்ட சொல்லிட்டா, அப்புறம் அது எப்பிடி என்னுது?"

இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? அன்றே கைபேசியும் கையுமாக உட்கார்ந்தேன்.

இனி வருவதுதான் குற்றம். மெதுவாகவே சொல்கிறேன்... எனக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கிறதல்லவா?

முதலில் படிவம் ஆறைத் திறந்தேன். புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கு. அதில் ஓர் உறுதிமொழி இருந்தது: வேறெந்தத் தொகுதியின் பட்டியலிலும் என் பெயர் இல்லை என்று. அக்காவின் பெயர்தான் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறதே! பொய் உறுதிமொழியா? நானா? ஒருக்காலும் இல்லை.

அடுத்து படிவம் எட்டு கண்ணில் பட்டது. 'திருத்தம்' என்ற சொல்லைப் பார்த்தேன். பிழைதிருத்தியே பிழைப்பு நடத்துகிறவன் அல்லவா... பெயரில் ஒற்று விடுபட்டவர்களுக்கு, அப்பா பெயரில் துணைக்கால் போனவர்களுக்கு உரியது என்று முடிவுகட்டி மேலே தள்ளிவிட்டேன். அதே தலைப்பில், அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே, 'குடியிருப்பு மாற்றம்' என்று இருந்தது. ஒரு வரியை முழுசாகப் படிக்க முடியாதவன்தான் உலக இலக்கியம் படிக்கிறேன் என்று ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறான்!

பிறகு ஒரு ஞானம் உதித்தது. ரேஷன் கார்டு! எனக்குக் கல்யாணமானபோது சாந்தியின் பெயரை முதலில் அவள் அப்பா வீட்டுக் கார்டிலிருந்து நீக்கி, நீக்கல் சான்று வாங்கிவந்து, அதைக் காட்டிய பிறகுதான் என் கார்டில் சேர்த்தார்கள். ஒரு இடத்தில் அடித்தால்தான் இன்னொரு இடத்தில் எழுத முடியும். நம் ஊரில் கார்டு என்று பெயர் வைத்த எதற்கும் அதுதானே நடைமுறை?

ஆகவே முதலில் நீக்கல். படிவம் ஏழு. காரணம்: நிரந்தரமாக இடம் மாறிவிட்டார். அலைபேசி எண்: என்னுடையது. சமர்ப்பி!

நீக்கிவிட்டோம் என்று தகவல் வந்ததும் படிவம் ஆறைப் போட்டுவிடலாம் என்பது என் திட்டம். தகவல் வந்தது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, முட்டிவலியா என்று கேட்கும் நூறு குறுஞ்செய்திகளுக்கு நடுவே அதுவும் வந்தது. பார்க்கவும் பார்த்தேன். ஆனால் அந்த வாரம் ஒரு கல்லூரியில் முதல்முறை வாக்காளர்களுக்காக நான் பேச வேண்டியிருந்தது. 'உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்' என்பது என் உரையின் உச்சகட்டம். அந்த உச்சகட்டத்தை மெருகேற்றுவதில் நாள்கள் போயின. மும்தாஜ் அக்காவுக்கு நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம்...

நல்ல கைதட்டல் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் படிவம் ஆறைப் போட்டபோது, இந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்கும் கடைசி நாள் கடந்துவிட்டிருந்தது.

வேங்கிக்காலுக்கு ஓடினேன். அங்கேதான் கலெக்டர் அலுவலகம். அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்தை எங்கெங்கோ திருப்பிவிட்டிருந்தார்கள். இறங்கி நடந்து, வியர்த்து வழிந்து, தேர்தல் பிரிவில் போய் நின்றேன். அங்கிருந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டார். கணினியில் தட்டிப் பார்த்தார்.

"நீக்கச் சொல்லி நீங்களே குடுத்திருக்கீங்க சார். வீட்டுக்குப் போயி விசாரிச்சிருக்காங்க. ஆள் அங்க இல்லைன்னு சொல்லியிருக்காங்க. எடுத்தாச்சு."

"இங்க சேக்கணுமே, தம்பி!"

"சேத்துடலாம் சார். எலெக்ஷன் முடிஞ்சதும்."

"ஏதாவது வழி..."

"எட்டு போட்டிருந்தீங்கன்னா ஒரே ஃபார்ம்ல முடிஞ்சிருக்கும் சார்."

யாரிடம் கோபப்படுவது? வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஓர் அரசு அலுவலகம் நான் கேட்டதைக் கேட்டபடியே, காலதாமதமின்றிச் செய்து கொடுத்திருந்தது. அவர் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தேன். வேறென்ன செய்ய முடியும்?

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? இருக்கலாம்... நீங்கள் என்னைவிட நல்லவர்களாகத்தான் இருப்பீர்கள். நான் தினமும் அந்தக் கடை வாசலைத் தாண்டிப் போனேன். தினமும் மெஷின் நிற்கும்.

"பேரு வந்துடுச்சா சார்?"

"பிராசஸ்ல இருக்குதுக்கா."

பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. வக்கீல்கள் வெட்கப்படும் பதில்! ஓட்டுநாளன்று நான் நேரத்தோடே போட்டுவிட்டு, ஏதாவது சாக்குச் சொல்லி அக்காவைத் தடுத்துவிடலாம் என்று இருந்தேன். என்ன சாக்கு என்பதுதான் கடைசிவரை அகப்படவில்லை.

ஓட்டுநாள் காலை ஏழு மணிக்கு அவரே எங்கள் வாசலில் நின்றார். கடையில் 'இன்று விடுமுறை' அட்டை. புதுப்புடவை. தானே தைத்த, கை ஓரத்தில் சரிகை வைத்த ஜாக்கெட்.

"கல்யாணத்துக்கா போறீங்க?" என்று சாந்தி சிரித்தாள்.

"என் கல்யாணத்துக்கே என்ன யாரும் கேக்கல. இதுக்காவது கேக்கறாங்களே!"

மூவரும் நகராட்சிப் பள்ளிக்கு நடந்தோம்.

பள்ளி வாசலில் மேசை போட்டு எங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர் பரிமளா உட்கார்ந்திருந்தார். அங்கன்வாடியில் வேலை செய்கிறவர். பட்டியலை ஒருமுறை புரட்டினார். மறுமுறை புரட்டினார்.

"உங்க பேரு இல்லியேக்கா."

"நல்லாப் பாரும்மா. மும்தாஜ் பேகம். இதோ கார்டு கீதே!"

"கார்டு இருந்தா போதாதுக்கா, லிஸ்ட்ல இருக்கணும்." அட்டை எண்ணைக் கைபேசியில் தட்டினார். அவர் முகம் மாறியது. "கீழ்பென்னாத்தூர்ல எடுத்துட்டாங்க. ஃபார்ம் ஏழு போயிருக்கு."

"யாரு குடுத்தது?"

"அது இதுல காட்டாதுக்கா."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே சொல். 'நான்.' ஓரெழுத்துகூட அதிகம் வேண்டாம்... திறக்கவில்லை.

அக்கா கைபேசியை எடுத்து மச்சாண்டாரைக் கூப்பிட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் பேர எடுக்கச் சொன்னது நீதான?"

அந்தப் பக்கம் உளறுவது எங்களுக்கே கேட்டது. "நான் ஏன் சொல்றேன்? வந்து கேட்டாங்கோ, நீ இங்க இல்லன்னேன். அவ்ளோதான்!"

"போதும். முப்பது வருஷம் உன் பட்டன அமுக்கினேன். ஒரு நாளு என் பட்டன அமுக்க உட மாட்ட இல்ல?" என்று சொல்லித் துண்டித்தார்.

அந்த மனிதர் நல்லவர் என்று நான் சான்றிதழ் தரமாட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், அநேகமாக வாழ்க்கையில் இந்த ஒரே ஒரு விஷயத்தில், அவர் நிரபராதி! அதற்கு உலகத்தில் ஒரே சாட்சி நான். சாட்சி கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் போயி போட்டுட்டு வாங்க. நான் இங்க நிக்கிறேன்," என்றார் அக்கா.

போனேன். போட்டேன். மை வைத்தார்கள். திரும்பி வரும்போது விரலை மடக்கிக்கொண்டு வந்தேன். அக்கா சுவரோரமாக உட்கார்ந்து, ஜாக்கெட் கையின் சரிகை ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க எவ்ளோ அலைஞ்சீங்க எனக்காக. வேங்கிக்காலுக்கெல்லாம் போனீங்களாமே, சாந்தி சொல்லிச்சு," என்றார் என்னிடம்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்...

கதை அங்கே முடிந்திருந்தால், ஐந்து வருஷத்தில் இன்னொரு தேர்தல் வரும் என்று என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் கீழ்பென்னாத்தூர் வீட்டில் அக்காவின் மாமியார் இருக்கிறார். படுத்த படுக்கை. வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறிப்போய் அவருக்குத் தலைவாரி, ஒரு வாய் ஊட்டிவிட்டு வருவார் அக்கா. அந்த வீட்டில் அவரோடு முகம் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அந்த மாமியார்தானாம். ஓட்டுநாளுக்குப் பிறகு அக்கா ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போகவில்லை.

"அந்த ஆளு மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்கிறார். வெள்ளிக்கிழமைகளில் மெஷின் சத்தம் மற்ற நாள்களைவிடக் கொஞ்சம் வேகமாகக் கேட்கிறது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

தேர்தல் முடிந்து, புது அட்டை வந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொல்லிவிடுவது என்று உறுதியோடுதான் போனேன். "அக்கா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தார். "சாந்தி ஜாக்கெட் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பேச வராது, எழுதத்தான் வரும் எனக்கு. அதனால் எழுதினேன். அச்சில் வந்துவிட்டால் சொன்னதாகிவிடும் அல்லவா? நாளைக்கு அக்கா இதைப் படித்து, வாசலில் நின்று என்னைத் திட்டட்டும். பிறகு வெள்ளிக்கிழமை பஸ் ஏறட்டும். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

எழுதியதை நேற்று சாந்திக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். துணி மடித்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. மடித்ததை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"நல்லாத்தான் எழுதிருக்கீங்க. ஆனா மும்தாஜ் அக்காவுக்கு உருது மட்டுந்தான படிக்க வரும்?"