இஸ்தோப்பில் மட்டும் நேராக நிற்கும் பெஞ்சு

பெஞ்சைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பலகையில் பென்சில் எழுத்து தெரியும்: "அம்மாவுக்கு. ஆரம்பிச்சது நவம்பர் 4, சனி." எழுதியவள் என் தங்கையின் மகள். தேதி போடச் சொன்னது நான். வாங்கும் புத்தகத்திலும் ஊறுகாய்ப் போத்தலிலும்கூடத் தேதி எழுதிவைப்பது என் வழக்கம்.

தங்கை அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஒப்பந்தம் முடிந்து டிசம்பரில் நத்தாருக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஒருநாள் தொலைபேசியில், "இந்த வீட்ல எங்க பாத்தாலும் சோபாதான்டி, நான் உட்காரத்தான் ஒன்னும் இல்ல. குசினியில நின்னுக்கிட்டே சாப்பிடுறேன்" என்று மகளிடம் சிரித்திருக்கிறாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே என்னை அழைத்தாள்.

"பெரியம்மா, அம்மாவுக்கு ஒரு பெஞ்சு செய்யணும். ஒங்க புத்தக ராக்கையெல்லாம் நீங்களே அடிச்சதுதானே?"

அடித்ததுதான். பதுளையில் என் வீட்டுப் புத்தகங்கள் கட்டிலுக்கடியில் கரையான் ஏறத் தொடங்கியபோது மரம் அறுக்க ஒரு கைவாள் வாங்கினேன். பல பலகைகளைக் கெடுத்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அந்த வாளைப் பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டு, தங்கை வீடு இருக்கும் தோட்டத்துக்குப் போகப் பசறை பஸ்ஸில் ஏறியதும், "என்னா டீச்சர், காலங்காத்தால யார வெட்டப் போறீங்க?" என்றார் நடத்துநர்.

பலகை தயாராக இருந்தது. முன்பு காற்றில் விழுந்த சவுக்கு மரத்தை அறுத்தபோது கிடைத்ததாம். அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்து நன்றாகக் காய்ந்திருந்தது. பதினைந்து வயதுப் பெண், வாளை எதிரியைப் போல அழுத்தினாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

"அழுத்தாத. வாளோட பாரமே போதும். நீ கூடப் போனா சரி."

"கூடப் போனா எப்ப முடியிறது பெரியம்மா? அம்மா வந்துருவாங்க."

கால்களுக்கு அளவு குறிக்கும்போதுதான் அவள் தயங்கினாள். அம்மா எவ்வளவு உயரம் என்று அவளுக்கு நிச்சயமில்லை. அம்மா போனபோது தன் தலை அவள் தோள் வரைக்கும் இருந்தது என்றாள். இப்போது தான் வளர்ந்துவிட்டாளே. பிறகு என்னை வாசற்படியில் உட்காரவைத்து, முழங்கால் வரை நாடா பிடித்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே உயரம்னு அப்பா சொல்வாங்க." தங்கை தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கியதும் அந்தப் படியில்தான் உட்காருவாள், காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டபடி யாருடனாவது வாயாடிக்கொண்டிருப்பாள். அவளுடைய இடத்தில் அவளுடைய அளவாக நான் உட்கார்ந்திருந்தேன். நாடாவைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

கால்களைக் கொஞ்சம் நீளமாகவே விட்டுப் பூட்டினோம். அடுத்த சனிக்கிழமை வந்து மட்டம் பார்த்து வெட்டலாம், தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனேன். அவள் அதுவரை பொறுக்கவில்லை. லயத்து வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில், சுவரோரமாகப் பெஞ்சை வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடிக் கிளாசில் சாயத் தேத்தண்ணி வைத்திருக்கிறாள். தேத்தண்ணி கிளாசில் நேராக நிற்கும்வரை பின்கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறாள். நான் போனபோது பெஞ்சு அங்கே அசையாமல் நின்றது. உள்ளே எடுத்துப்போய் வைத்தோம். அப்படியே பின்னால் சாய்ந்தது.

மழைத்தண்ணீர் ஓடட்டும் என்று இஸ்தோப்பின் தரையை முற்றத்துப் பக்கம் சரித்துத்தான் போட்டிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து அதில் நடக்கிறவளுக்கு அது சரிவாகவே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்தார். "என்னாடி, பெஞ்சு கேட்டா பல்லு டாக்டர் கதிரை செஞ்சிருக்க? தள்ளு, ஒக்காந்து பாக்குறேன்."

"தாங்கும் அத்தை. ஆனா மொதல்ல அம்மா."

நான் வாளை எடுத்தேன். முன்கால்களைச் சிறிது குறைத்தால் எங்கேயும் வைக்கலாம். அவள் பெஞ்சின்மேல் கை வைத்துக்கொண்டாள். "வேணாம் பெரியம்மா. அம்மா வேற எங்க ஒக்காரப் போறாங்க? இங்கதானே."

அன்று மாலை தங்கை வீடியோவில் வந்தாள். மகள் இஸ்தோப்பில் திரும்ப வைத்த பெஞ்சையும் அதன்மேல் இருந்த கிளாசையும் காட்டினாள். தங்கை திரையை நெருங்கி நெருங்கிப் பார்த்தாள். "ஏன்டி, முன்கால் நீளமா இருக்கு? இஸ்தோப்புச் சரிவுக்கா வெட்டுன?" என்றாள். எத்தனையோ கடல் தாண்டியிருந்தும் அந்தத் தரை அவள் பாதத்தில் இருந்தது. "அக்கா, அத வெட்டிராதீங்க." அதற்குப் பிறகுதான், வேறு ஆள் கிடைக்கும்வரை, நோன்புப் பெருநாள் வரைக்கும், குவைத் வீட்டுக்காரர்கள் இருக்கச் சொல்கிறார்கள் என்றாள்.

மகள் கிளாசை எடுத்துத் தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றினாள்.

நத்தார் வந்து போனது. பெருநாளும் போய்விட்டது. பெஞ்சு அதே இடத்தில் இருக்கிறது. மழை சாய்வாக அடித்தால் அவள் அதை உள்ளே தூக்கிவைக்கிறாள், விட்டதும் வெளியே கொண்டுவருகிறாள். இதுவரை யாரும் அதில் உட்காரவில்லை. போன வாரம் என் பென்சிலை வாங்கி, முதல் வரிக்குக் கீழே "அம்மா ஒக்காந்தது" என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாள்.

விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது, இந்த மாதக் கடைசியில் தங்கை வருகிறாள் என்று அவளை வேலைக்கு அனுப்பிய முகவர் சொன்னதாகப் பிள்ளையின் அப்பா சொல்கிறார். சீட்டை நான் பார்க்கவில்லை. தங்கை தன் வாயால் இன்னும் சொல்லவில்லை. இதை எழுதும் இன்றுவரை அது உறுதி செய்யப்படாத செய்தி.