ரப்பர் பேண்டு இங்கிலீஷ்

அம்மா திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்குப் பத்து வயதாகும்போது, வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையில் அவள் தோற்றுப்போனாள். எழுத்தில் குறையில்லை, பேச்சுதான் காலை வாரிவிட்டது. மறுபடியும் தோற்றால் அந்த வேலை கைநழுவிவிடும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். வெளிநாடு என்றால் அப்போது எனக்கு அந்த ஆங்கிலம் மட்டும்தான்.

சனிக்கிழமைகளில் தம்பியை அப்பாவிடம் விட்டுவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு கே.கே. நகரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு, ஒரு டீச்சர் வீட்டுக்குப் போவாள். முதல் நாளே டீச்சர் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எல்லா அசையையும் ஒரே கனத்துல சொல்றீங்க. தமிழுக்கு அது சரி. இங்கிலீஷ்ல ஒண்ணை மட்டும் தூக்கிட்டு மத்ததை விட்டுடணும்."

அம்மாவின் இரு கட்டைவிரல்களிலும் ஒரு ரப்பர் பேண்டை மாட்டினார். அழுத்தம் விழும் இடத்தில் இழுக்க வேண்டும், மற்ற இடங்களில் தளர்த்த வேண்டும். 'மெடிசின்' என்றால் எடுத்த எடுப்பிலேயே இழுப்பு. 'மெடிகேஷன்' என்றால் 'கே' வரும்வரை பொறுக்க வேண்டும். சொல் கொஞ்சம் நீண்டதும் அழுத்தம் எழுந்துபோய் வேறிடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இத்தனை நாள் ஸ்கூலில் இங்கிலீஷ் படித்தும் இப்படியொரு அதிசயத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே சொல்லுவாள், நான் ரப்பர் பேண்டை இழுப்பேன். ஒருநாள் குடும்ப ஜெபமாலையில் அவள் சொன்ன 'மரியே'யில் 'ரி' மட்டும் எழும்பி, மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. அப்பா ஜெபத்தை நிறுத்தினார்.

"மாதாவுக்குத் தமிழ் தெரியும், தமிழ்லயே சொல்லு."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

"இப்பதான் நாக்குல வருது, கெடுத்துடாதீங்க" என்றாள்.

பரீட்சைக்கு முந்தைய சனிக்கிழமை, பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது, இல்லாத ஒரு நோயாளிக்கு அவள் ஆங்கிலத்தில் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள். ரப்பர் பேண்டு இல்லை, தடங்கலும் இல்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கறிவேப்பிலை வாங்க என்னைக் கடைக்கு விரட்டுகிற அம்மாவா இவள்? பெருமையில் அவளை இன்னும் ஒட்டி உட்கார்ந்தேன். இவள் பாஸாக வேண்டும் என்று ஓடுகிற பஸ்ஸிலேயே வேண்டிக்கொண்டேன்.

பாஸானாள். தெரு முழுக்க நான்தான் போய்ச் சொன்னேன்.

மறுநாளே எனக்கு காஸ் அடுப்பைப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தாள். அடுத்து, தம்பிக்கு ரசஞ்சாதம் குழையப் பிசைய. அவனுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் ஈரத்துணி போட. வகுப்பில் வேறெவளுக்கும் தெரியாத வித்தைகள். எல்லாவற்றையும் பரிசு என்றே நினைத்து, அவள் மெச்ச வேண்டும் என்று வேகவேகமாகக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொன்றையும் நான் தப்பில்லாமல் செய்து காட்டியதும், "சமத்து" என்று சொல்லிவிட்டு அவள் ஏன் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.