அனுமதி வரும்வரை

பெரியத்தாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில், மக்கா படத்துக்கும் மகளின் கல்யாணப் படத்துக்கும் நடுவில், ஒரு மஞ்சள் தாள் இருந்தது. அதன் தலையில் மலையாளத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: அபராதம் இல்லை, உதவி மட்டும். சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஓர் ஆலோசகர் இலவசமாக வந்து பார்ப்பார், தொழிலாளிகளின் பாதுகாப்புக்கு என்னென்ன குறை என்று சொல்வார், அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் பாதியை அரசாங்கமே தரும் என்பது விஷயம். பெரியத்தாவுக்கு மலையாளம் பேச வருமே தவிர வாசிக்க வராது. எனக்கோ அப்போது தமிழைவிட மலையாளம்தான் நன்றாக எழுத வரும். அதனால் அந்தத் தாளை நான் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை கண்ணாடியைத் தூக்கித் தாளை அடியில் வைத்துவிட்டு, "கவர்மெண்டு தானா வந்து கை நீட்டுது. தட்டிவிடக் கூடாது" என்றார்.

பெரியத்தா என் அத்தாவின் அண்ணன். மட்டாஞ்சேரியில் மிளகு கோடவுன்களுக்குப் பின்னாலிருந்த சந்தில் அரவை மில் வைத்திருந்தார். மிளகாய், மல்லி, மஞ்சள், சுக்கு எல்லாம் அரைத்துப் பொட்டலம் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்போம். ஏழு பெண்கள் வேலை பார்த்தார்கள். படிப்பை முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் இருந்த நான், கடிதம் எழுதுவது, ஃபோன் எடுப்பது, அலுவலகங்களுக்கு நடப்பது என்று அங்கே ஒட்டிக்கொண்டேன். பெரியத்தா கெட்ட முதலாளி இல்லை. தூசிக்கு நல்லது என்று தினமும் சாயாவோடு எல்லாருக்கும் ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார். அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான். மிளகாய் அரைக்கிற நாளில் பெண்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி வேலை பார்ப்பார்கள். மோட்டாரிலிருந்து அரவை மெஷினுக்குப் போகும் பெல்ட் இடுப்பு உயரத்தில் திறந்த வாக்கில் ஓடும். அதை ஒட்டித்தான் எல்லாரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அந்தப் பெண்களில் ஒருவரை நாங்கள் எல்லாரும் மதினி என்றுதான் கூப்பிடுவோம். செங்கோட்டைப் பக்கத்துக்காரர். கொத்தனார் வேலைக்கு வந்த கணவனோடு கொச்சிக்கு வந்தவர். கலகலப்பாகப் பேசுவார், கை அதைவிட வேகமாக ஓடும். பெல்ட்டைக் கண்டால் அவருக்கு மட்டும் ஆகாது. "இது பாம்பு மாதிரி நம்மளப் பாத்துக்கிட்டே ஓடுது, பிள்ள" என்பார். ஒருநாள் யாரையும் கேட்காமல், பழைய தேயிலைப் பெட்டியின் பலகை இரண்டைக் கொண்டுவந்து, மில் மெக்கானிக்கை விட்டு பெல்ட்டுக்கு முன்னால் அடித்து நிறுத்திவிட்டார். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு சேலையைச் செருகிக்கொள்ளாமல் அந்த வழியாக நடக்க முடிந்தது.

ஆலோசகர் ஆலுவாவிலிருந்து வந்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு மூலையையும் பொறுமையாகப் பார்த்து ஒன்பது குறைகளை எழுதினார். முதல் குறை பெல்ட்டுக்கு முறையான இரும்புக் கூடு இல்லாதது. இரண்டாவது, தூசி இழுக்கும் விசிறி இல்லாதது. போகும்போது பெரியத்தாவின் கையைப் பிடித்து, "தைரியமாக விண்ணப்பம் போடுங்கள்" என்றார். போட்டோம். அதன்பிறகுதான் தாள்கள் வரத் தொடங்கின. கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று ஒரு தாள். அதைக் கொடுத்ததும் அடுத்த தாள் வந்தது: குறைகளின் தற்போதைய நிலையைக் காட்டும் புகைப்படம் வேண்டும், அனுமதிக்கு முன் எதையும் வாங்கவோ மாற்றவோ கூடாது, மீறினால் உதவி கிடையாது, நேரில் பார்க்க வரும்போது இடம் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

அந்தப் பலகைகளைப் பிடுங்கச் சொன்னது நான்தான். படத்தில் பலகை தெரிந்தால் பெல்ட் மூடியிருக்கிறது என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். மெக்கானிக் ஆணியைப் பிடுங்கினார், நான் ஃபோனில் நாலு கோணத்தில் படம் எடுத்தேன். "திரும்ப அடிச்சிரட்டுமா?" என்று அவர் கேட்டார். அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வரலாம், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னேன். பெரியத்தாவும், "அவ சொல்றதைக் கேளு, அவளுக்குத்தான் கடுதாசி விவரமெல்லாம் தெரியும்" என்றார். மதினி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

அதிகாரி வரவில்லை. ஃபோன் செய்தால் அடுத்த வாரம் என்பார்கள். மழைக்காலம் முழுக்க அடுத்த வாரமாகவே போயிற்று. ஓணத்துக்குச் சரக்கு நிறையக் கேட்டிருந்ததால் மெஷின் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், நான் முன்னறையில் உட்கார்ந்து அதே அலுவலகத்துக்கு இன்னொரு நினைவூட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மெஷினின் சத்தம் ஒரு கணம் கனத்தது. பிறகு பெண்களின் அலறல். பெரியத்தா செருப்பில்லாமல் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மதினி செருகியிருந்த தலைப்பு நழுவிப் பெல்ட்டில் சிக்கியிருக்கிறது. இழுத்து விடுவிக்கப் போன வலது கையைப் பெல்ட் உள்ளே வாங்கிக்கொண்டது. ஆட்டோவில் மதினியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டி எறணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கட்டிலருகில் நின்றேன். மதினி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில், "அந்தப் பலகை எங்க, பிள்ள?" என்று கேட்டார். எங்கோ சாக்குகளுக்குப் பின்னால் கிடக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுகை நின்றதும் வந்த கோபம் இன்றுவரை போகவில்லை. கோபத்தில் பாதி என் மேல். மீதிப் பாதி யார் மேல் என்பதில்தான் எனக்குச் சிக்கல். அந்த விதியை எழுதியவர் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து, பழைய சாமானைப் புதிது என்று காட்டி யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்று யோசித்திருப்பார். முதலாளி ஏமாற்றிவிடுவான் என்ற பயம் அவருக்கு இருந்தது. அனுமதி வரும்வரை உள்ள அந்த இடைவெளியில் ஒரு மனுஷி பெல்ட்டுக்குப் பக்கத்தில் சாக்கோடு நடந்துகொண்டிருப்பாள் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. ஆபத்தைச் சரிசெய்வதற்கான உதவியை வாங்க, ஆபத்தைப் பத்திரமாக அப்படியே வைத்திருக்க வேண்டுமாம். இதற்குப் படித்த மனிதர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். அதை நான் மலையாளத்தில் அழகாக வாசித்துக் காட்டினேன்.

விபத்து நடந்தபின் மட்டும் அதிகாரி இரண்டே நாளில் வந்தார். வேறு பிரிவைச் சேர்ந்தவர், வழக்குப் போட வந்தவர். ஆலோசகர் எழுதித் தந்த ஒன்பது குறைகளின் பட்டியல் எங்கள் ஃபைலில் இருந்தது. அதைப் பார்த்தால், தெரிந்தே விட்டுவிட்டீர்கள் என்பார்கள். "அதை எடுத்து மறைச்சிரலாம் பெரியத்தா" என்று காதோடு சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மறைக்க வேண்டிய பெல்ட்டை மறைக்கல. இதை எதுக்கு மறைக்கணும்?" என்று சொல்லிவிட்டு, தன் கையாலேயே பட்டியலை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார். அபராதம் வந்தது. முணுமுணுக்காமல் கட்டினார். மதினிக்குச் செய்ய வேண்டியதையும் யாரும் சொல்லாமலே செய்தார்.

விபத்து நடந்த அந்த வாரமே தோப்பும்படியில் படகு என்ஜின் வேலை செய்யும் ஒரு பட்டறைக்குப் போய் இரும்புக் கூடு அடித்துத் தரச் சொன்னோம். காலையில் அளவெடுத்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் மாட்டி முடித்துவிட்டார்கள். முழுசாக ஒரு பகல் வேலைகூட இல்லை. பெரியத்தா அந்தக் கூட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு சாக்குகளின் மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மில் இன்றும் ஓடுகிறது. பெரியத்தா வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து எட்டிப்பார்ப்பதோடு சரி. பொட்டலப் பிரிவு முழுக்க மதினியின் பொறுப்பு. இடது கையால் எழுதப் பழகிவிட்டார். அந்தத் திட்டமும் இருக்கிறது. எனக்கு நன்றாக எழுத வரும் என்று சின்ன முதலாளிகள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முதலில் மூட வேண்டியதை மூடுங்கள், பிறகு எழுதலாம் என்கிறேன். அப்புறம் பணம் வராதே என்று சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போகட்டும்.

கூடு மாட்டிவிட்டதை நான் எழுதித் தெரிவித்த சில வாரங்களில், எங்கள் விண்ணப்பத்துக்கும் கடைசியில் பதில் வந்தது. அனுமதிக்கு முன்பே கூடு வாங்கிவிட்டதால் தள்ளுபடி. அந்தத் தாளோடு நான் அலுவலகத்துக்குப் புறப்பட்டபோது, கட்டு அப்போதுதான் பிரித்திருந்த மதினியும் கூட வந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா சேச்சி நாங்கள் சொன்னதை முழுதாகக் கேட்டார். மதினியின் கையைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. "நியமம் அங்ஙனெயாணு மோளே, நான் என்ன செய்ய?" என்றார். விதி அப்படியாம். நான் கத்தத் தொடங்கினேன். மதினி என் தோளைத் தொட்டு நிறுத்தினார். சேச்சிக்குப் பின்னால் இருந்த அலமாரியில், நாடா கட்டிய ஃபைல்கள் மேல்தட்டு வரை அடுக்கியிருந்தன.

"அதெல்லாம் என்னது?" என்று மதினி கேட்டார்.

"அனுமதிக்குக் காத்திருக்கிற விண்ணப்பங்கள்."

மதினி அந்த அடுக்கைக் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரை பார்த்தார்.

"அப்போ அத்தனை எடத்துலயும் இந்நேரம் பெல்ட் ஓடிக்கிட்டிருக்குமே" என்றார்.