இருபத்து மூன்று மைலுக்கு ஒரு பேட்டரி

இரண்டாம் உலகப் போர் வருவதற்கு முந்தைய ஐப்பசி. பகல் மூன்றரை மணிக்கு விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினேன். மேற்கொண்டு ரயில் போகாது, மழையில் தண்டவாளத்துக்கடியில் மண் அரித்துவிட்டது என்றார்கள். பள்ளிக்கூடங்களுக்குத் தேசப்படம் விற்பது என் பிழைப்பு. படத்தில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு விரற்கடைகூட இல்லை. நேரில் இருபத்து மூன்று மைல், அத்தனையும் சேறு.

ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு வாடகைக் கார் நின்றது. ஆளுக்கு ஒன்றரை ரூபாய் என்றார் டிரைவர் காசிம் பாய். பகல் கொள்ளை என்று முணுமுணுத்துக்கொண்டே முன் சீட்டில் ஏறினேன். பின் சீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். கரை வேட்டி, நெற்றியில் காய்ந்த சந்தனம், கையில் கசங்கிய தந்தி. கல்யாண வீட்டு ஆசாமி, பேச்சுத்துணைக்கு ஆச்சு என்று வாயைத் திறக்கப் போனேன்.

காசிம் பாய் என் காதருகே குனிந்தார். "பேச்சு குடுக்காதீங்க சார். அவரு மூணு வயசுப் பையன் காலைல தவறிட்டான். இருட்டறதுக்குள்ள அடக்கம். மூஞ்சியப் பாக்கணும்னு ஓடறாரு."

அவர் பெயர் தணிகாசலம். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல்காரர், சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். முந்தின நாள் விழுப்புரத்தில் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் மணவறையில் ஒரு காரியம் நடக்குமா? காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஸ்டார்ட்டர் முனகியதோடு சரி. காசிம் பாய் காரின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி, தோள் நோகச் சுற்றிக் கிளப்பினார். அப்போது மணி நாலு.

விக்கிரவாண்டி எட்டே மைல். மாட்டுவண்டி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து போனதில் ஐந்து மணி ஆகிவிட்டது. வானம் அதற்குள் கருத்துப்போயிருந்தது. காசிம் பாய் விளக்குப் போடவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு முள் ஆடியது. ரோட்டைப் பார்த்து ஓட்டும் ஐயா என்றேன்.

"ரோடு எங்கயும் போவாது சார். இந்த முள்ளு சோத்தாங்கை பக்கம் சாஞ்சா பேட்டரிக்கு வரவு, பீச்சாங்கை பக்கம் சாஞ்சா செலவு. இஞ்சின் சுத்தினா டைனமோவும் சுத்தி கரண்டு எடுக்கும். ஆனா வேகமாப் போனாத்தான். இப்பிடி ஊர்ந்துக்கினு போனா ஒண்ணும் வராது. கட்-அவுட்டுன்னு ஒரு டப்பா, டைனமோவப் பிரிச்சு உட்டுடும். அப்புறம் எல்லாத்துக்கும் பேட்டரிதான் சோறு போடணும்."

"எல்லாத்துக்கும் என்றால்?"

"மொதல்ல காயில். அதுக்கு இல்லன்னா இஞ்சின்ல நெருப்புப்பொறி வராது, வண்டி நின்னுடும். அப்புறம் ஹாரன். பெரிய லைட்டு ரெண்டும்தான் பெருந்தீனி. அதான் போடல."

பின்னாலிருந்து முதல் தடவையாகக் குரல் வந்தது. "நேத்து ஊர்கோலத்துல மூணு மணி நேரம் எரிஞ்சிதே பாய்."

நேற்றுப் பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக நடைவேகத்தில் ஊர்ந்தது இதே கார்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பேட்டரி பழசு" என்றார் காசிம் பாய், திரும்பாமல்.

"நீங்க பாதியில அணைச்சீங்க. நாந்தான் கத்தினேன். எங்க அக்கா மவ இருட்டுலயா போவுதுன்னு கேட்டேன்."

காசிம் பாய் முள்ளையே பார்த்தபடி ஓட்டினார்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டி ஒரு தரைப்பாலம். முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. நடுவில் ஒரு வண்டி மாடு மிரண்டு நின்றுவிட, எங்கள் காரும் நின்றது. இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. மூவரும் கரைக்குத் தள்ளினோம். காசிம் பாய் கைப்பிடியைச் சுற்றினார், உயிர் வரவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தார். பல்புக்குள் கம்பி சிவந்ததே தவிர வெளிச்சம் இல்லை.

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் நடக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். ஊர் இன்னும் ஆறு மைல்.

கால்மணி கழித்து எதிரே மல்லாட்டை மூட்டைகளோடு ஒரு லாரி வந்தது. காசிம் பாய் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார். லாரி பேட்டரியிலிருந்து எங்கள் பேட்டரிக்கு இரண்டு தடித்த ஒயர்களைப் பிடித்துக்கொண்டு சுற்றியதும் இஞ்சின் பற்றிக்கொண்டது. "இனிமே நின்னா எழுந்திருக்காது சார். ஜல்தி ஏறுங்க."

ஒன்றரை மைல் தள்ளித் தணிகாசலத்தைப் பிடித்தோம். கிடங்கல் ஏரிக்கரை சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஐந்தாறு ஆண்கள் குழியருகே நின்றார்கள். காற்றில் லாந்தர் அணைந்து போயிருந்தது. அவருடைய தம்பி, துணி சுற்றிய பிள்ளையைக் கையில் ஏந்தியிருந்தான். "உனக்காகத்தான் வச்சிக்கினு இருக்கோம்ணா. ஆனா ஒண்ணும் தெரியலையே" என்றான்.

காசிம் பாய் காரை வளைத்து அவர்களுக்கு நேராக நிறுத்தி, பெரிய லைட்டு இரண்டையும் போட்டார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வெளிச்சம் மங்கியது. இஞ்சின் அலற அலற மிதித்துப் பிடித்தார். தணிகாசலம் துணியை விலக்கினார். முகத்தில் விழுந்த மழையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். என்னால் அங்கே பார்க்க முடியவில்லை. நான் முள்ளைப் பார்த்தேன்.

பிறகு அவர் கையை உயர்த்தி ஏதோ சொன்னார். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. காருக்கே நடந்து வந்தார்.

"போதும் பாய். அணைச்சுடுங்க."

"எரியட்டுங்க. இன்னும் கொஞ்சம் பாருங்க."

"அணைச்சுடுங்க."

அணைத்தார். மெல்ல ஓடிய இஞ்சினையும் மீறி இருட்டில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு காசிம் பாய் என்னைத் திண்டிவனம் கடைத்தெருவில் இறக்கிவிட்டார்.

எங்கள் ஊரிலும் இப்போது கல்யாண ஊர்வலத்துக்குக் கார் வைக்கிறார்கள். எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க முண்டுவார்கள். நான் டிரைவர் பக்கம் போய், பெரிய லைட்டை அணைத்துவிடப்பா, நாளைக்கு யாருக்கு வண்டி வேண்டியிருக்குமோ என்பேன். இதுவரை ஒருவரும் அணைத்ததில்லை.