ஆண்டெனா பிடித்த சித்தி

எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவி சித்தியின் சீரோடு வந்தது. நாங்கள் உழுத நிலமும் அவளோடு வந்ததுதான். மிராசுதார் நிலம். குத்தகைப் பதிவு சித்தியின் அப்பா பேரிலிருந்து சித்தி பேருக்கு மாறியிருந்தது. எங்களை வெளியேற்ற மிராசுதார் வழக்குப் போட்டிருந்தார். ஆட்சி மாறி மாறி வந்தது, வழக்கு மட்டும் அப்படியே நடந்தது.

"அது கோவிச்சுக்கிட்டு அப்பன் வீட்டுக்குப் போயிட்டா நாம அந்த வயல்ல கால் வைக்க முடியாது" என்று அப்பா அம்மாவிடம் சொல்வது என் காதில் விழும். சித்தி எதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்ததும் ஒரு நாடகம் வரும். மெட்ராஸில் ஒரு புருஷன், பெண்டாட்டி. கார் உண்டு, சோபா உண்டு, வீட்டில் சிரிப்பு கிடையாது. அவனுக்கு ஆபீஸில் இன்னொருத்தி. தெருப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்வார்கள். "இவனையெல்லாம் வெளக்குமாத்தால சாத்தணும்டி" என்பார்கள், ஆனால் கிசுகிசுப்பாக. வசனம் கேட்க வேண்டுமே என்று மெதுவாகப் பேசுகிறார்கள் என நினைத்தேன்.

சித்தி மட்டும் நாடகம் பார்த்ததில்லை. எங்கள் ஆண்டெனா கொடைக்கானல் டிவி டவரைப் பார்த்து நிற்க வேண்டும். வயல்காற்று அதைத் திருப்பிவிடும், படம் புள்ளி புள்ளியாகிவிடும். அதனால் சித்தி ஏணியில் ஏறி, தளத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வாள். "நான் பிடிக்கிறேனே" என்று வேறு யாரும் சொன்னதில்லை. நாடகம் முடிந்து இறங்கியதும் என்னிடம்தான் கதை கேட்பாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் அவளிடம் மட்டும் அழுது நடித்துச் சொல்வேன்.

சித்தப்பா அந்த நேரத்துக்கு வயலுக்குத் தண்ணீர் முறை பார்க்கப் போய்விடுவார். ஒருநாள் நானும் மேலே ஏறினேன். வாய்க்கால் கரையில் ஒரு சைக்கிள் விளக்கு ஊர்ந்து போய், மில்லில் வேலை பார்த்த ஒருத்தி தனியாகக் குடியிருந்த வீட்டருகே அணைந்தது.

"சித்தப்பா சைக்கிள் மாதிரி இருக்கு."

"கதை போயிடும், கீழ போ" என்றாள்.

பிறகொரு செவ்வாய்க்கிழமை. நாடகத்தில் அந்தப் பெண்டாட்டி புருஷனைத் தேடிப் போய் இன்னொருத்தி வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு திறக்கும்போது படம் போய்விட்டது.

"தங்கச்சி, கொஞ்சம் திருப்பேன்!" என்று அம்மா கூவினாள். நான் ஓடி ஏறினேன். கம்பி தன்னால் ஆடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் கரையில் ஒரு டார்ச் வெளிச்சம் வேகமாகப் போனது.

"சித்தி வாய்க்கா கரையில போவுது!" என்று மேலிருந்து கத்தினேன்.

இறங்கி வந்தபோது கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. அப்பா எழுந்தார், வேட்டியை இறுக்கினார், மறுபடி உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை கேஸு இருக்குங்க" என்றாள் அம்மா.

டிவி இரைந்தது. அதை அணைக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை. வந்திருந்த பெண்கள் வெறும் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தி வாசலில் சேற்றுக்காலைக் கழுவும் சத்தம் கேட்டது. பின்னால் சித்தப்பா கட்சிக்கரை வேட்டி சேறாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சித்தி நேரே வந்து எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஆண்டெனா திரும்பிக் கெடக்கு. நீங்க ஏறிப் புடிங்க."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா டிவியைப் பார்த்தார். ஏணி கிறீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் படம் தெளிந்தது.

வெள்ளிக்கிழமை சித்தி கோர்ட்டுக்குப் போனாள். நிலம் எங்களிடமே நின்றது. அதன்பின் எல்லாச் செவ்வாயும் சித்தப்பாதான் ஆண்டெனா பிடித்தார். கை விட்டால் கீழே தெரிந்துவிடும். அவர் பிடித்தால் படம் அசையாது. சித்தப்பா கை பலமான கை என்று பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனிடம் பெருமை பேசினேன்.

சித்திக்கும் ஒருவழியாக நாடகம் பார்க்கக் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். தளத்தில் சித்தப்பா காலை மாற்றி வைத்தால் மட்டும் அவள் நிமிர்ந்து மேலே பார்ப்பாள். நாடகம் முடிந்து எல்லாரும் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிடுவாள்.

"இன்னைக்கு என்ன கதை, சொல்லு."

"நீங்களும்தானே சித்தி பாத்தீங்க?"

"சொல்லேன்டா."

நான் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.