பெட்ரோல் மூடிக்கு ஒரு ரப்பர்த் துண்டு

மலாய் நாட்டில் பெடாஸ் ஊருக்குப் போகும் பாதையில், காட்டோரமாக ஒரு வளைவு உண்டு. ரப்பர்த் தோட்டத்துத் துரையின் பழைய கறுப்புக் கார் நிற்பதென்றால் அங்கேதான் நிற்கும். சனியன், அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை. அவசரகாலம் அது, வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள் எப்போது சுடுவார்கள் என்று எவருக்கும் தெரியாது. இரண்டு தடவை அப்படி நின்றுவிட்டது. டிரைவர் மாயாண்டி வியர்த்து ஒழுக, காரைக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்றினான். கார் இருமியதே தவிரக் கிளம்பவில்லை. சற்று நேரம் போனதும், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிட்டது.

"இன்னொரு தடவ நின்னா ஒன்ன போலீஸ்ல குடுத்துருவேன்" என்றார் துரை. காட்டுக்காரர்களுக்காகவே மாயாண்டி காரை நிறுத்துகிறான் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். போலீசில் கொடுத்தால் தடுப்புமுகாம், அதற்கப்புறம் இந்தியாவுக்குக் கப்பல். மாயாண்டி அப்பாவின் தோளில் உட்கார்ந்து இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவன். புல் வெட்டினான், ஜப்பான்காரன் காலத்தில் லாரி கழுவினான், கழுவியபடியே ஓட்டவும் கற்றுக்கொண்டான். இந்தியாவில் அவனுக்கு முகம் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. மனைவி லெட்சுமியோ இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அவளை விட்டுவிட்டு யாரிடம் போய் நிற்பது?

கொட்டகையில் வைத்துப் பார்த்தால் காருக்கு ஒரு நோயும் இல்லை. பேட்டரி நல்லது. பிளக்கில் பொறி நீலமாகத் தெறிக்கிறது. ஒரே சுற்றில் கிளம்புகிறது. கொட்டகையில் சமத்து, ரோட்டில் சண்டி. இதைச் சொன்னால் துரை நம்புவாரா? மாயாண்டிக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பெட்ரோல் காட்டுக்குப் போகிறது என்று அப்போது எல்லாத் தோட்டத்திலும் ஒரு பயம். அதனால் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தார். கொட்டகையில் காரைக் கிளப்பும்போதெல்லாம் டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சி விட்டு அளக்க வேண்டும். தோட்டத்து கேட்டைத் தாண்டிவிட்டால் மூடியில் கைவைக்கக் கூடாது. அந்த மூடியோ தளர்ந்துபோய், மேட்டில் ஏறும்போது பெட்ரோல் சிந்தும். "அளவு கொறஞ்சா ஒங்க தலையிலதானே விடியும்" என்று பதறிய லெட்சுமி, தான் வேலை பார்க்கும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் கழித்துப்போட்ட ஷீட்டில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தாள். தோட்டத்தில் ரப்பரை வைத்து அடைக்காத ஓட்டை ஏது? மூடிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்புறம் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மூன்றாவது தடவையும் கார் அதே வளைவில் நின்றது. கூட வந்த மலாய்க் காவலர் இறங்கி, துப்பாக்கியை மரங்களுக்கு நேராகப் பிடித்தார்.

மாயாண்டி எஞ்சின் மூடியைத் தூக்கினான். பெட்ரோல் வந்து தங்கும் கண்ணாடிக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. காலையில் அளந்தபோது டேங்க் நிறைய இருந்ததே, எங்கே போயிற்று? கொட்டகையில் செய்து ரோட்டில் செய்யாதது எது என்று யோசித்தான். பளிச்சென்று பட்டது: டேங்க் மூடியைத் திறப்பது.

"தொர, மூடியத் தொறக்கணுங்க."

"சட்டம் தெரியுமில்ல?"

"தெரியுங்க. தொறக்காட்டி வண்டி நகராதுங்க."

துரை தலையை அசைத்தார். மாயாண்டி மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. காலிச் சீசாவை உறிஞ்சினால் அது உதட்டைக் கவ்விக்கொள்ளுமே, அதேபோல டேங்க் காற்றில்லாமல் பெட்ரோலை இறுகப் பிடித்து வைத்திருந்தது. மூடியின் நடுவே காற்றுக்காக இருந்த சின்னத் துளையை, கார் முதல் தடவை நிற்பதற்கு முன்பே மாட்டிய லெட்சுமியின் ரப்பர் அடைத்துவிட்டிருந்தது. கொட்டகையில் திறந்தபோது புகுந்த காற்று அந்த வளைவு வரைக்கும்தான் தாங்கியது; முன்பு இரண்டு தடவையும் கார் தானாகக் கிளம்பியது, விளிம்பில் காற்று மெல்லக் கசிந்ததால்தான். ஹேண்டிலை நாலைந்து சுற்றுச் சுற்றினான். கண்ணாடிக் கிண்ணம் நிறைந்தது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

துரை அந்த ரப்பர்த் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் வச்சது?"

"நாந்தாங்க. பெட்ரோலு சிந்தக் கூடாதுன்னு."

துரை அதைப் புதரில் எறிந்தார். "ஏறு" என்றார். போலீஸ் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், லெட்சுமி இன்னொரு ரப்பர் வட்டத்தோடு வாசலில் நிற்கிறாள். "பழசு தேஞ்சிருக்கும்லா. இது இன்னும் தடிப்பு. நானே கொட்டகைக்கு வந்து மாட்டிரலாம்னு இருந்தேன்" என்றாள்.

மாயாண்டிக்கு அவளிடம் சொல்ல மனசே வரவில்லை. சொல்லாமல் விட்டால் நாளைக்கே கொண்டுபோய் மாட்டிவிடுவாள். சொன்னான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ஒங்கள கப்பலேத்தப் பாத்தது நாந்தானா?"

"ஒன்மேல தப்பில்ல புள்ள. ரெண்டு பேருக்கும் பயம். அதான் இறுக்கி மூடிட்டோம்."

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், சாக்குத் தைக்கும் கோணி ஊசியை எடுத்து வந்தாள். ரப்பர் வட்டத்தைத் தொடையில் வைத்து, நட்டநடுவில் குத்தி இழுத்தாள். துளை வழியாக விளக்கைப் பார்த்தாள். வாயை வைத்து ஊதியும் பார்த்தாள். அப்புறம் அவன் உள்ளங்கையில் அதை வைத்தாள்.

"இப்ப மாட்டுங்க" என்றாள்.