காவலாளியின் தகர டின்

மார்கழிக் காலையில் பறவை பார்க்க அலங்காநல்லூர் பக்கத்துக் கண்மாய்க்குப் போயிருந்தேன். மீன் குத்தகைக்காரர் வைத்த காவலாளி அங்கே இருந்தார். ஒட்டிய கன்னம், நரைத்த மீசை. தகர டின்னைத் தட்டி நீர்க்காகங்களைத் துரத்துவதுதான் வேலை. தட்டுமுன் துண்டால் காதை இறுக்கிக் கட்டிக்கொள்வார்.

“நீ பாக்க வந்த, நான் வெரட்ட வந்தேன். நல்லாருக்கு தாயி,” என்று சிரித்தார்.

“ஒரு தடவ நீங்களும் பாருங்கண்ணே.” பைனாகுலரைக் கொடுத்தேன். தண்ணீரில் நட்டிருந்த கம்பில் ஒரு நீர்க்காகம் இறகு விரித்து உட்கார்ந்திருந்தது.

நெடுநேரம் பார்த்தார். “கண்ணு பச்சக்கல்லு மாதிரில்ல இருக்கு.”

“கொஞ்ச நேரம் இருக்கட்டுமேண்ணே.”

“மீனு கொறஞ்சா என்னயல்ல வேலயவிட்டு நிப்பாட்டுவாக.” டின்னை எடுத்தார். “நீ இதக் காட்டாமலே இருந்திருக்கலாம்.”

தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று தட்டினார். காதைக் கட்டிக்கொள்ளவில்லை.